ஏணியில் ஏறுவதா, ஏணியை உடைப்பதா?

திண்டுக்கல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பல. ஊருக்குக் காவல் நிற்பது போன்ற மலைக்கோட்டை; கள்வன் கைக்கு அசையாத பூட்டு; புகையிலை, சுருட்டு, பதனிட்ட தோல். அரசியல் அறிந்தவர்க்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1972 அக்டோபரில் பிறந்த ஒரு கட்சி, எட்டுத் திங்கள் நிரம்புமுன், 1973 மே மாதத்தில் இத்தொகுதியின் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் இரட்டை இலையைக் காட்டி வென்றது. எம்.ஜி.ஆரின் புதிய கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்தது திண்டுக்கல் என்பதை ஊரில் முதியோர் இன்றும் சொல்லி மகிழ்வர்.

தேர்தல் வெற்றி என்பது அறுவடை. அறுவடை நாளில் களத்துமேட்டிலே கூட்டம் கூடும். எத்தனை மூட்டை கண்டது என்று கணக்கும் எழுதப்படும். ஆனால் அந்த மண்ணை உழுதவர் யார்? விதை எங்கிருந்து வந்தது? இதைக் கேட்போர் குறைவு. கட்சிகளின் வரலாறு ஏராளமாக எழுதப்படுகிறது. கட்சி தோன்றுமுன் மக்கள் மனத்திலே தோன்றிய மாற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் அரியர். அந்த மாற்றத்தை, திண்டுக்கல் சமவெளியில் பிறந்த ஒருவரின் பணியைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம். அவர்தான் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்.

"அவர் என்ன நூல் எழுதினார்? அவரை அறிஞர் வரிசையிலே வைக்கலாமா?" என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். அறிஞன் என்பவன் ஏடுகளை அடுக்கி வைத்திருப்பவன் மட்டுந்தானா? ஒரு சமுதாயம் பல்லாண்டுக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியே தவறு, கேட்க வேண்டியது வேறு என்று எடுத்துக் காட்டுபவன் அறிஞனே. எடுத்துக் காட்டியதோடு நில்லாமல், தன் கைக்கு அதிகாரம் வந்தபோது புதிய கேள்விக்கு விடையாக ஒரு செயலையும் செய்து காட்டினானாயின், அவனை இயக்கத்தின் அறிஞன் என்றே அழைக்கலாம். சௌந்தரபாண்டியனார் அத்தகையவர் என்பது நம் கருத்து. கருத்தைச் சொல்லிவிட்டோம், இனிக் காரணத்தைச் சொல்வோம்.

திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்கே செல்லும் சமவெளி, வத்தலக்குண்டு அருகே கீழ்ப்பழனி மலைகளின் அடிவாரத்தைத் தொடுகிறது. 1985-இல் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. வத்தலக்குண்டு சிறிய ஊர். ஆனால் பெரிய பெயர்களை ஈன்ற ஊர். தமிழ் நாவலின் தொடக்கக் காலத்து எழுத்தாளரான ராஜம் ஐயர் அவ்வூரினர். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது வ.உ.சிதம்பரனாருடன் நின்று முழங்கி, சிறை சென்று, சிறையிலே தொழுநோயைப் பெற்று, 1925 சூலையில் மறைந்த சுப்பிரமணிய சிவாவும் அவ்வூரினரே. அயல்நாட்டான் ஆட்சியை எதிர்க்க ஆலைத் தொழிலாளியை எழுப்பியது சிவாவின் நா. அவர் கண் மூடிய அதே 1925-இல், மே மாதத்தில், ஈரோட்டில் 'குடி அரசு' ஏடு பிறந்தது. அயல்நாட்டான் ஆட்சியைப் பற்றிய கேள்வியோடு, உள்நாட்டிலேயே ஒருவனை ஒருவன் அடக்கி ஆளும் ஆட்சியைப் பற்றிய கேள்வியும் எழுந்துவிட்டது. அந்த இரண்டாவது கேள்விக்குச் செயலில் விடை காட்டியவர், வத்தலக்குண்டுக்கு அண்மையிலுள்ள பட்டிவீரன்பட்டிக்காரர்.

பட்டிவீரன்பட்டி, மலையிலே காப்பி விளைவித்துச் சமவெளியிலே வாணிகம் செய்த நாடார் குடும்பங்கள் தழைத்த ஊர். அத்தகைய செல்வக் குடும்பம் ஒன்றிலே 1893 செப்டம்பர் 15-ஆம் நாள் சௌந்தரபாண்டியனார் பிறந்தார். டபிள்யூ.பி.ஏ. என்ற எழுத்துக்களாலேயே தென்மாவட்டங்கள் பின்னாளில் அவரை அறிந்தன. செல்வம் இருந்தது, ஊரிலே மதிப்பு இருந்தது. ஆனால் அவர் பிறந்த வகுப்புக்கு நாட்டிலே இருந்த நிலை என்ன? அதை அறிந்தால்தான் அவர் ஆற்றிய பணியின் அருமை விளங்கும்.

பனையேறிப் பிழைத்த மக்கள் வாணிகத்தால் உயர்ந்த காலம் அது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலான ஊர்களிலே பேட்டைகள் அமைத்தனர். விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை தண்டினர். உறவின்முறை என்ற ஊர் அமைப்பின் வழியே அப்பணத்தைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட்டனர். கிணறு வெட்டினர், பள்ளி நாட்டினர். கையிலே பணம் இருந்தது, கணக்கிலே நாணயம் இருந்தது, கல்வியிலே நாட்டம் இருந்தது. ஆயினும் கோயில் வாயிலிலே அவர்களை நிறுத்தி, "எட்டி நில்" என்றது சாதி.

1897-இல் கமுதியிலே நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தனர். என்ன குற்றம் செய்தனர்? கும்பிட்டனர்! கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் சேதுபதி நீதிமன்றம் சென்றார். கோயில் தீட்டுப்பட்டது, தீட்டைக் கழிக்கப் பணம் தருக என்பது வழக்கு. கீழ்நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்த்தது. 1901-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையிட்டும், 1908-இல் அங்கும் தோல்வியே கிடைத்தது. பணம் செலவிட்டு வழக்காடும் வலிமை உள்ள ஒரு வகுப்புக்கு, பதினோராண்டு வழக்காடியும் கோயில் வாயிலைத் தாண்டும் உரிமை கிட்டவில்லை! இடையிலே 1899-இல் சிவகாசியில் பெருங்கலகம் மூண்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. கமுதி வழக்கு எழுந்தபோது சௌந்தரபாண்டியனார் 3 வயதுக் குழந்தை. இலண்டன் தீர்ப்பு வந்தபோது 14 வயதுச் சிறுவர். அந்தப் பதினோராண்டின் புகையிலே வளர்ந்த தலைமுறை அவருடையது.

இத்தகைய இழிவுக்கு ஆளான ஒரு வகுப்பு என்ன செய்யும்? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏணியில் ஏறுவது. "எங்களை ஏன் கீழே வைத்தீர்கள்? நாங்கள் உண்மையில் சத்திரியர்; எங்கள் முன்னோர் அரசாண்டவர்; எங்களுக்குரிய படி மேலே இருக்கிறது" என்று வாதாடுவது. நாடார்கள் பலர் அவ்வழியே முதலில் சென்றனர். பூணூல் அணிந்தோர் உண்டு. பழம்பெருமை பேசும் நூல்கள் எழுதினோர் உண்டு. விருதுநகரிலே அவர்கள் நாட்டிய பள்ளிக்குச் 'சத்திரிய வித்தியாசாலை' என்றே பெயர். அப்பள்ளி பிற வகுப்புப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்தது. பணி பெருமைக்குரியது, ஆனால் பெயரைக் கவனியுங்கள்! கல்விக் கூடத்தின் நெற்றியிலே வருணத்தின் முத்திரை.

இதில் நாடார்களைப் பழிக்க ஒன்றுமில்லை. அக்காலத்திலே இந்தியா முழுதும் பல வகுப்புகள் இதையே செய்தன. மக்கள் கணக்கெடுப்பு வரும்போதெல்லாம், "எங்களை இன்ன வருணம் என்று பதிவு செய்க" என்ற முறையீடுகள் குவிந்தன. தன்னை இழிவுபடுத்திய முறையின் அளவுகோலையே கையில் எடுத்து, "நான் இவ்வளவு உயரம்" என்று அளந்து காட்டும் நிலை அது. அளவுகோல் சரியானதுதானா என்று கேட்பார் இல்லை. மேலே ஒரு படி கிடைத்தால் போதும். தனக்குக் கீழே ஒருவன் எப்போதும் நிற்பான், அவனைப் பற்றிக் கவலை இல்லை. சாதி முறை பல நூற்றாண்டாக நிலைத்து நிற்கும் கமுக்கம் இதுவே. ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான் என்ற வேதனையைக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம் ஆற்றிவிடுகிறது. அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று பெயரிட்டுக் காட்டியது இதைத்தான். எல்லாரும் ஒன்று சேர்ந்து எதிர்க்க முடியாதபடி, எல்லாருக்கும் இழப்பதற்கு ஏதோ ஒரு சிறு உயர்வை அது கொடுத்து வைத்திருக்கிறது.

இரண்டாவது வழி, ஏணியை உடைப்பது. அதைச் சொல்வது எளிது. ஆனால் ஏணியின் நடுப்படியில் நிற்பவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! கீழ்ப்படியில் நிற்பவன் கைதட்டுவான். மேற்படியில் நிற்பவன் சீறுவான். நடுப்படியில் நிற்பவனோ, "இவ்வளவு தூரம் ஏறிவிட்டேனே, இப்போதா உடைப்பது?" என்று தயங்குவான். அந்தத் தயக்கத்தை உடைக்க வெளியிலிருந்து வருபவனால் ஆகாது; அந்தப் படியிலேயே நிற்கும் ஒருவன் பேச வேண்டும். சௌந்தரபாண்டியனாரின் இடம் அதுவே.

1910-இல் தஞ்சை மாவட்டப் பொறையாற்றில் இரத்தினசாமி நாடாரின் முயற்சியால் நாடார் மகாசன சங்கம் தோன்றியது. 1916-இல் நீதிக்கட்சி தோன்றியது. 1920-இல் புதிய சட்டமன்றம் அமைந்தபோது, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பரிந்துரையால் நாடார் வகுப்பின் சார்பில் சௌந்தரபாண்டியனார் நியமனம் பெற்றார். அகவை முப்பதை எட்டாத இளைஞர்! 1921 மக்கள் கணக்கெடுப்பிலே பழைய இழிபெயர் நீங்கி 'நாடார்' என்ற பெயர் அரசாங்க ஏட்டில் ஏறியது. சங்கத்தின் நெடுநாள் முயற்சிக்குக் கிடைத்த வெற்றி அது. ஏணியிலே ஒரு படி ஏறியாயிற்று. அங்கேயே நின்றிருந்தால், வகுப்புத் தலைவர் ஒருவர் என்ற அளவில் அவர் பெயர் முடிந்திருக்கும்.

அப்போதுதான் ஈரோட்டிலிருந்து புயல் எழுந்தது. வைக்கம் தெருவிலே நடக்கும் உரிமைக்காக 1924-இல் சிறை சென்ற பெரியார், சேரன்மாதேவிக் குருகுலத்திலே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடப்பதை எதிர்த்துப் போராடினார். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசைவிட்டு வெளியேறினார். சுயமரியாதை என்ற சொல் தமிழ்நாட்டின் தெருக்களிலே நடமாடத் தொடங்கியது. அந்தச் சொல் தென்மாவட்ட வாணிக நகரங்களில் விரைந்து பற்றிக்கொண்டது ஏன்? அங்கே புண்பட்ட நெஞ்சங்கள் இருந்தன. படிக்கும் பழக்கம் இருந்தது. மாநாடு கூட்டப் பணமும், ஊரை ஒன்று திரட்ட உறவின்முறையும் இருந்தன. இல்லாதது ஒன்றே. பட்ட இழிவுக்கு ஒரு விளக்கம் இல்லை. "நீ கீழானவன் என்பதால் இழிவுபடவில்லை, கீழ் மேல் என்று பிரிக்கும் முறை இருப்பதால் இழிவுபடுகிறாய்" என்று சுயமரியாதை இயக்கம் சொன்னபோது, கமுதியிலும் சிவகாசியிலும் நடந்தவற்றுக்குப் புதிய பொருள் கிடைத்தது.

அந்தப் பொருளைத் தம் வகுப்பாரிடம் எடுத்துச் சென்ற பாலமாகச் சௌந்தரபாண்டியனார் நின்றார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தாங்களே கோயில் கட்டித் திருவிழா நடத்திய பெருமக்களுக்குப் புரோகித மறுப்பு கசந்தது. சத்திரியப் பட்டத்துக்காக வாதாடியவர்களுக்கு வருண மறுப்பு எரிச்சல் மூட்டியது. நீதிக்கட்சியை வெறுத்த தேசியவாதிகள் ஒருபுறம். பின்னாளில் விருதுநகரிலே காமராசரின் தலைமையில் காங்கிரசு அவ்வகுப்பின் இளைஞரைத் தன்பால் ஈர்த்தது. ஒரே வகுப்புக்குள் இரண்டு பெரும் அரசியல் நீரோட்டங்கள்! ஆயினும் ஒன்றைக் காண்கிறோம். எந்த அணியில் நின்றவரும் பூணூலுக்காகவும் சத்திரியப் பட்டத்துக்காகவும் போராடும் பழைய பாதைக்கு மீளவில்லை. எதிரணியினரின் பேச்சையும் மாற்றிவிடும் கருத்தே வென்ற கருத்து.

1928 மே மாதத்தில் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில், புரோகிதர் இன்றிச் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதே ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின், அதாவது அன்றைய ஜில்லா போர்டின், தலைவர் பொறுப்பு சௌந்தரபாண்டியனாரிடம் வந்தது. 1910-இல் அமைந்த அந்த மாவட்டத்தின் எல்லையை நினைவிற் கொள்க. கமுதி அதற்குள் இருந்தது. சிவகாசியும் அதற்குள் இருந்தது. கோயிலில் நுழைந்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட மக்களின் வகுப்பிலே பிறந்த ஒருவர், முப்பது ஆண்டுக்குள், அதே மண்ணின் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பொறுப்பாளராக அமர்ந்தார்.

அந்த நாற்காலியில் அமர்ந்து அவர் என்ன செய்தார்? பழி தீர்த்திருக்கலாம். தம் வகுப்பாருக்கே எல்லாம் என்று வாரி வழங்கியிருக்கலாம். அவர் பார்வை சென்ற இடம் வேறு.

அக்காலத்தில் மோட்டார் பஸ் தென்மாவட்டச் சாலைகளுக்குப் புதிது. தனியார் நடத்திய வண்டிகள். புதிய பொறி வந்தது. பழைய நோய் அதிலும் ஏறி அமர்ந்தது! தாழ்த்தப்பட்ட மக்களை வண்டியில் ஏற்ற மறுத்தனர் பஸ் முதலாளிகள். அவர்களுக்கு இடமில்லை என்று பயணச் சீட்டிலேயே அச்சிட்ட கொடுமையும் இருந்தது. காசு கொடுத்தாலும் இடமில்லை. வண்டி ஓடுவது எந்தச் சாலையில்? பொதுப்பணத்தில் போட்ட சாலையில். அந்தப் பொதுப்பணத்திலே தாழ்த்தப்பட்டவன் தந்த வரியும் உண்டு. அவன் உழைப்பால் சமன்செய்த சாலையிலே, அவனை ஏற்றாமல் வண்டி புழுதி இறைத்துச் சென்றது.

சௌந்தரபாண்டியனார் ஆணை பிறப்பித்தார். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் வண்டிக்கு உரிமம் இல்லை. மறுத்தால் உரிமம் நீக்கப்படும். சுருக்கமான ஆணை. வருணத்தைப் பற்றிய வாதம் அதில் இல்லை. சாத்திர ஆராய்ச்சி இல்லை. வண்டி ஓட வேண்டுமா, ஏற்றிக்கொள் என்ற ஒன்றே அதன் சாரம். ஆனால் அந்த ஆணைக்குப் பின்னே ஓர் எண்ணத்தின் நீண்ட பயணம் இருக்கிறது. "எங்களைக் கோயிலில் விடு" என்று கேட்ட ஒரு வகுப்பின் குரல், "எவரையும் வெளியே நிறுத்தாதே" என்ற குரலாக மாறிவிட்டது. அதை ஆணையாக எழுதிய கை ஏணியின் நடுப்படியில் நின்றவருடையது என்பதுதான் இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

இதைப் போன்ற சான்றை அயலிலும் காண்கிறோம். கேரளத்தில் ஈழவ வகுப்பிலே பிறந்த சகோதரன் அய்யப்பன், 1917 மே மாதத்தில் சேராயியில், ஈழவரையும் தங்களுக்குக் கீழென்று அவர்கள் கருதிய புலையரையும் ஒரே பந்தியில் அமர வைத்தார். சொந்த வகுப்பாரே அவரை விலக்கி வைத்து, 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினர். அந்த வசையையே அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார். ஈழவரும் பனையோடும் தென்னையோடும் பிழைத்தவர். கோயில் வாயிலிலே நிறுத்தப்பட்டவர். அங்கே பந்தி, இங்கே பஸ். 1927 மார்ச்சில் மகாராட்டிரத்து மகாடில், பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றார். அங்கே அடிப்படியில் நின்றவர் தம் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டனர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை. கீழ்ப்படியின் எழுச்சி இல்லாமல் நடுப்படியின் நல்லெண்ணம் நிலைக்காது. நடுப்படி கைவிட்டால் கீழ்ப்படியின் போராட்டம் தனித்துத் துன்புறும்.

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குச் சௌந்தரபாண்டியனார் தலைமை தாங்கினார். தலைமை தாங்கப் பெரியார் தேர்ந்தது ஒரு நாடாரை என்பதிலேயே இயக்கத்தின் போக்கு விளங்கும். அம்மாநாட்டுத் தீர்மானங்களை இன்று படித்தாலும் வியப்பு மிகும். பிறவியால் உயர்வு தாழ்வு கூறும் வருண முறையை ஏற்கலாகாது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டலாகாது. பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும். பெண்ணின் திருமண வயது 16-க்குக் குறையலாகாது. ஒவ்வாத மணத்தை நீக்கிக்கொள்ளும் உரிமை மனைவிக்கும் வேண்டும். கைம்பெண் மறுமணம் புரியத் தடை கூடாது.

இவை சட்டமாக எத்தனை ஆண்டு பிடித்தது என்று கணக்கிட்டால், எண்ணம் எவ்வளவு முன்னே நடந்தது என்பது தெளிவாகும். அதே 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றே வரையறுத்தது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950-இல் நடப்புக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்ற சட்டத்தை அண்ணாவின் அரசு 1967-இல் நிறைவேற்றியது. மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-இலும், இந்தியா முழுவதற்கும் 2005-இலும் வந்தது. செங்கற்பட்டிலே கைதூக்கி நிறைவேற்றிய ஒரு தீர்மானம் சட்டப் புத்தகத்தில் ஏற அறுபது ஆண்டு ஆயிற்று! அரசியல் இயக்கத்திலே அறிஞனுக்கு உள்ள பணி இதிலே தெரிகிறது. ஆட்சிக்கு வருவோர் பின்னாளில் செய்ய வேண்டியதை, ஆட்சி கனவிலும் இல்லாத நாளிலே அவன் எழுதி வைக்கிறான்.

பட்டம் துறக்கும் தீர்மானத்தையும் எளிதாக எண்ணிவிடலாகாது. பெரியார் 1927 டிசம்பரிலேயே தம் ஏட்டில் 'நாயக்கர்' என்ற ஒட்டை நீக்கிவிட்டார். அவருக்குப் பிறப்பு தந்த பட்டம் அது, விடுவது பெருந்தன்மை. நாடார் நிலையோ வேறு. அந்தப் பெயரை அரசாங்க ஏட்டில் ஏற்றுவதற்கே அவ்வகுப்பு ஆண்டுக்கணக்கில் முறையிட்டிருந்தது. போராடிப் பெற்ற பெயரை, பெற்று எட்டாண்டு ஆகுமுன், வேண்டாம் என்று விடச் சொல்லும் மாநாட்டுக்கு அவ்வகுப்பின் தலைவரே தலைமை தாங்கினார்! இழிவைத் துறப்பது எளிது. போராடிப் பெற்ற பெருமையைத் துறப்பது அரிது.

குறை கூறுவோர் கூற்றையும் மறைக்காமல் நோக்குவோம். நீதிக்கட்சி நிலமும் பொருளும் உடையவர்களின் கட்சி. சௌந்தரபாண்டியனாரும் மலைத்தோட்டம் உடைய செல்வர். தோட்டத்து உழைப்பாளியின் கூலியைப் பற்றி அந்த இயக்கம் என்ன சொன்னது என்பர். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பிறவி ஏற்றத்தாழ்வைப் பற்றி உரக்கப் பேசிய இயக்கம், பொருளின் ஏற்றத்தாழ்வைப் பற்றி விரிவாகப் பேசியது 1932 இறுதியில் ஈரோட்டுச் சமதர்மத் திட்டம் எழுந்தபோதுதான். அதற்குச் சிங்காரவேலரின் சிந்தனை வேண்டியிருந்தது. ஓர் அறிஞன் எல்லாக் கேள்வியையும் கேட்டுவிடுவதில்லை. தன் படியிலிருந்து தெரியும் கேள்வியை நேர்மையாகக் கேட்டானா, அதன் விடையால் தனக்கு இழப்பு வந்தபோதும் பின்வாங்காமல் நின்றானா என்றே அவனை அளக்க வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. ஆணை என்பது நாற்காலியைச் சார்ந்தது. பண்பாளர் அமர்ந்தால் வண்டிக் கதவு திறக்கும். வேறொருவர் அமர்ந்தால் மூடிக்கொள்ளும். ஆகவேதான் ஆணை சட்டமாக வேண்டியிருந்தது. சட்டம் பழக்கமாக வேண்டியிருக்கிறது. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் வைத்தியநாத ஐயருடன் நுழைந்தனர். கமுதி வழக்குக்கு நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து, கோயில் வாயில் திறந்தது. அதே வாயிலில் இருவரும் ஒன்றாக நுழைந்தது பொருத்தமே. தனக்கு மட்டும் திறக்குமாறு கேட்டபோது மூடியிருந்த கதவு அது!

சௌந்தரபாண்டியனார் 1953 பிப்ரவரி 22-இல் மறைந்தார். சென்னைத் தியாகராயநகரில் ஓர் அங்காடித் தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் பெயர். மக்கள் வாயிலே அது 'பாண்டி பஜார்'. துணியும் நகையும் வாங்கச் செல்லும் பல்லாயிரவர் அந்தப் பாண்டி யார் என்று அறியார். திண்டுக்கல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்காவது, மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியைக் காட்டி, ஒரு பஸ் ஆணையின் கதையைச் சொல்லுதல் வேண்டும்.

ஏனெனில் கதை முடிந்துவிடவில்லை. நம் பெயர்களின் பின்னே சாதிப் பட்டம் இன்று பெரும்பாலும் இல்லை. இது தமிழ்நாடு பெருமைப்படத் தக்க மாற்றம். ஆனால் பெயரிலிருந்து இறங்கிய சாதி, சுடுகாட்டுப் பாதையிலும், தேநீர்க் கடைக் குவளையிலும், மணமக்கள் தேடலிலும் இன்னும் ஒளிந்திருப்பதை நாளேடுகள் நமக்கு அடிக்கடி நினைவூட்டுகின்றன. நேற்று வாயிலில் நிறுத்தப்பட்டவர் இன்று வாயிற்காவலராக நிற்கும் காட்சியையும் காண்கிறோம். கல்வியால், வாணிகத்தால், இடஒதுக்கீட்டால், அரசியலால் மேலேறிய ஒவ்வொரு வகுப்பின் முன்னும் சௌந்தரபாண்டியனார் எதிர்கொண்ட அதே கேள்வி நிற்கிறது. ஏறி வந்த ஏணியை என்ன செய்வது?

அக்கேள்வியைப் பிற வகுப்பாரிடம் கேட்பது எளிது; மேடையிலே கைதட்டும் கிடைக்கும். தன் சொந்த வகுப்பாரின் கூட்டத்திலே, தன் உறவினர் முன்னிலையிலே, தன் வாக்கும் செல்வாக்கும் குறையும் என்று அறிந்தும் கேட்பவர் எத்தனை பேர்? அத்தகையோர் ஊருக்கு ஒருவரேனும் தோன்றும்போதுதான் இயக்கம் வளரும். தேர்தல் அறுவடையைப் பிறகு எவரும் எண்ணிக்கொள்ளட்டும்.